தோட்டத் துண்டாடலும் நிலப் பகிர்வும்

நிலத்தைச் சந்தையின் போக்கில் விடுவதா, அரசு முன்னின்று பகிர்ந்தளிப்பதா என்பது வளரும் நாடுகள் பலவும் எதிர்கொண்ட வினாவாகும். இவ்விரு வழிகளும் ஒரே காலத்தில் அருகருகே நடைபெற்றதை மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாற்றில் காணலாம்.

1957ஆம் ஆண்டு விடுதலையை ஒட்டிய காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் சிலர் தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு கூறுகளாக்கி மறுவிற்பனை செய்து ஆதாயம் கண்டனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. சந்தைக் கணக்கில் இதிற் பிழையேதும் இல்லை. விற்றவரும் வாங்கியவரும் மனமொப்பியே செய்தனர். ஆனால் அவ்வொப்பந்தத்தில் இடம்பெறாத மூன்றாமவர் ஒருவர் இருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய தொழிலாளியே அவர். வேலை போனபோது அவருடைய லயத்து வீடும் உடன் போயிற்று. பிள்ளைகள் பயின்ற தமிழ்ப்பள்ளியும் நிலைகுலைந்தது.

அரசோ வேறு வழியை மேற்கொண்டது. 1956இல் அமைக்கப்பெற்ற பெல்டா எனும் நில மேம்பாட்டு வாரியம், காடு திருத்தி, பயிரிட்டு, நிலமற்ற குடும்பங்களைக் குடியமர்த்தியது. அதன் முதல் குடியேற்றம் பகாங் மாநிலத்து லூரா பீலுட்டில் அமைந்தது. குடியேறியோர் நிலத்தின் செலவை விளைச்சல் வருவாயிலிருந்து தவணை முறையில் செலுத்தினர். நாட்டுப்புற வறுமையைத் தணித்ததில் இத்திட்டத்தின் பங்கு பெரிது. எனினும் பரந்த காடுகள் அதற்கு விலையாயின. குடியேறியோருள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். தோட்டத் தமிழர் மிகச் சிலரே. 1990ஆம் ஆண்டுடன் புதிய குடியேற்றம் நின்றது. 2012இல் வாரியத்தின் வணிக நிறுவனமே பங்குச் சந்தையில் இறங்கியது. பகிர்வுக்கெனத் தோன்றிய அமைப்பும் ஈற்றில் சந்தையை நாடிற்று.

இவ்விரண்டிலும் இடம் பெறாதவர்க்கு மூன்றாவது வழியொன்று பிறந்தது. 1960இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரராயினர். அன்றைய தோட்டக் கூலிக்கு அது சிறு தொகையன்று. சங்கம் சந்தை விலை கொடுத்தே தோட்டங்களை வாங்கியது. ஆயினும் அவற்றைத் துண்டாடாது காத்து, உழைத்தவரையே உரிமையாளராக்கியது. விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் வாங்கும் வலிமை அதற்கு இல்லை என்பதும் உண்மையே.

சந்தை, விலை கொடுக்க வல்லாரை மட்டுமே எண்ணியது. அரசுப் பகிர்வு, பட்டியலில் இடம்பெற்றாரை எண்ணியது. வளர்ச்சி நிலைக்க வேண்டுமாயின், கணக்கில் விடுபட்டவர் யார் என்னும் கேள்வி முதலில் எழ வேண்டும். தோட்டத் தொழிலாளர் தம் பத்து வெள்ளியால் எழுப்பிய கேள்வி அதுவே.