இலங்கைக் கிரிக்கெட் அணி: நொக் அவுட் ஆட்டங்கள்

இலங்கை ஆடவர் அணி பெரிய தொடர்களின் காலிறுதி, அரையிறுதி, இறுதிப் போட்டிகளில் கண்ட வெற்றி தோல்விகளின் வரலாறு இது. 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ணங்களிலும் அணி முதற் சுற்றைத் தாண்டவில்லை. 1986இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பாகிஸ்தானைத் தோற்கடித்து ஆசியக் கிண்ணத்தை வென்றது.

1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்தது. உலகக் கிண்ண ஆட்டங்களுக்குக் கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. ஆடாமலே புள்ளிகள் பெற்ற அணி, பைசலாபாத் காலிறுதியில் இங்கிலாந்தைச் சந்தித்தது. சனத் ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் குவித்தார். முதல் 15 ஓவர்களிலேயே அடித்தாடும் இந்த உத்தி தலைவர் அர்ஜுன ரணதுங்கவுடையதா, கொழும்பில் பிறந்த பயிற்றுநர் டேவ் வட்மோருடையதா என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. நியூசிலாந்தின் மார்க் கிரேட்பாட்ச் 1992இலேயே அப்படி ஆடியவர்.

மார்ச் 13, கல்கத்தா, இந்தியாவுடன் அரையிறுதி. முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் ஜயசூரியவும் ஆட்டமிழந்தனர். ஒரு ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட். அடுத்து வந்த அரவிந்த டி சில்வா எதுவுமே நடக்காததுபோல் ஆடினார். 47 பந்துகளில் அவர் எடுத்த 66 ஓட்டங்களில் 56 பவுண்டரிகளில் வந்தவை. 251ஐத் துரத்திய இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்தபோது டெண்டுல்கர் ஸ்டம்பிங் ஆனார். 8 விக்கெட்டுக்கு 120 என்ற நிலையில் பார்வையாளர்கள் போத்தல்களை வீச, நடுவர்களுக்கு மேலான தீர்ப்பாளர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்கு வழங்கினார்.

மார்ச் 17, லாகூர், அவுஸ்திரேலியாவுடன் இறுதி. அதுவரையான ஐந்து இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தும் ரணதுங்க களத்தடுப்பைத் தேர்ந்தார். இரவுப் பனியைக் கணித்தார் என்பர் சிலர். துரத்தி வென்ற பழக்கமே காரணம் என்பர் வேறு சிலர். அரவிந்த மூன்று விக்கெட், இரண்டு பிடி, ஆட்டமிழக்காமல் 107. 242 என்ற இலக்கு 7 விக்கெட்டுகள் கையிருக்க எட்டப்பட்டது.

1997, 2004 ஆசியக் கிண்ண இறுதிகளில் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியா தோற்றது. 2007 உலகக் கிண்ண இறுதி பார்படோஸ் இருளில் தோல்வியாக முடிந்தது.

கொட்டாஞ்சேனைக்கு எட்டிய தூரத்திலுள்ள பிரேமதாச மைதானத்தில் 2011 மார்ச் 29 அன்று நியூசிலாந்துடன் அரையிறுதி நடந்தது. தமிழ் யூனியன் கழக வீரர் முத்தையா முரளிதரன் சொந்த மண்ணில் ஆடிய கடைசி ஒருநாள் ஆட்டம் அது. அதில் தன் கடைசிப் பந்தில் ஸ்டைரிஸை வீழ்த்தினார். ஓட்டக் கணக்கேட்டில் இது ஒரு சிறு வரி மட்டுமே. இந்தியாவிடம் தோற்ற ஏப்ரல் 2 மும்பை இறுதிப் போட்டியில் நாணயச் சுழற்சியே இரண்டு முறை நடந்தது. அத்தோல்வி குறித்து 2020இல் முன்னாள் அமைச்சர் ஒருவர் எழுப்பிய சந்தேகம் மீதான விசாரணை, ஆதாரமில்லை என்று கைவிடப்பட்டது.

2012 இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியில் அதே பிரேமதாசவில் மேற்கிந்தியத் தீவுகளிடம் 36 ஓட்டங்களால் தோல்வி. 2014இல் டாக்காவில் இந்தியாவை வென்று கிண்ணம். அதுவே சங்கக்கார, மஹேல இருவருக்கும் கடைசி சர்வதேச இருபது ஓவர் ஆட்டம்.

2022இல் துபாயில் ஆசியக் கிண்ணம் வென்றது. 2023 செப்டம்பர் 17இல் பிரேமதாசவில் நடந்த இறுதியில் இந்தியாவின் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுக்க, அணி 50 ஓட்டங்களில் சுருண்டது.