ராயபுரம்: நம் தடத்தின் முதல் முனையம்

தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பயணிகள் ரயில் ஓடிய தடத்தின் மேல்தான் அம்பத்தூர் அமைந்திருக்கிறது. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 65 மைல் தொலைவுக்குப் போக்குவரத்து தொடங்கியது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று இன்று நாம் அன்றாடம் போய்வரும் அதே வழி. அந்தத் தடத்தின் கிழக்கு முனையில் கட்டப்பட்ட நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆவடியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் பீச் போகும் லோக்கலில் ஏறுபவர்கள், வண்ணாரப்பேட்டையைத் தாண்டியதும் செந்நிறச் சுவரும் வெண்ணிறத் தூண்களுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். துணைக்கண்டத்தில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான் என்பதை அறிந்து பார்த்தவர்கள் குறைவு. மேற்குப் புறநகரின் வரலாற்றைப் பேசும் மலரில் ராயபுரத்துக்கு இடம் தருவது அதனால் பொருத்தமே.

ராயபுரத்துக்கு முன்பும் நம் பக்கத்தில் தண்டவாளம் இருந்தது. 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஆர்தர் காட்டன் அமைத்த பாதை அது. சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்து வருவதே அதன் வேலை. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். நீராவி எஞ்சினையும் அதில் ஓட்டிப் பார்த்தார்கள். பின்னாளில் கோதாவரி, கொள்ளிடம் அணைக்கட்டுகளோடு சேர்த்துப் பேசப்பட்ட காட்டன், ரயிலை விட நீர்வழிதான் இந்நாட்டுக்கு ஏற்றது என்று இறுதிவரை வாதாடியவர். அவர் கையாலேயே முதல் தண்டவாளம் விழுந்தது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று. ஆனால் அந்தப் பாதை சில ஆண்டுகளில் மறைந்துபோனது. மக்கள் ஏறிப் போகும் ரயிலுக்குச் சென்னை 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி முதலில் 1845இல் லண்டனில் உருவானது. பணம் திரளாமல் முடங்கி, 1850களின் தொடக்கத்தில்தான் மறுபடி உயிர்பெற்றது. அதற்குக் கிடைத்த சலுகைகள் இவை: லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரர்களுக்குக் குறிப்பிட்ட வட்டி உறுதி, குறைவதை இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவது, நிலமும் இலவசம். இந்த ஏற்பாட்டின் சுமை விழுந்தது இங்குள்ள உழவர்கள் மேல். ராயபுரத்தின் அழகை வியக்கும்போது இந்தக் கணக்கையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 1853இல் வேலை தொடங்கியது. கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ், கூலிக்கு விரும்பி வந்த உள்ளூர் ஆட்களை நேரடியாக வைத்து வேலை வாங்கியதற்காகப் பேசப்படுகிறார். வில்லிவாக்கத்துக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ஏரிகளின் ஓரமாகவும் வயல்களின் நடுவேயும் மண்ணைக் கொட்டி மேடு கட்டியவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. நம் வண்டிகள் இன்றும் அவர்கள் எழுப்பிய மேட்டின் மேல்தான் ஓடுகின்றன.

முனையத்துக்கு ஏன் ராயபுரம்? சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சும். மசூலா படகுகள் அலையைக் கடந்துபோய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்க்கும். வணிகர்கள் நிறைந்த கறுப்பர் நகரம் கோட்டைக்கு வடக்கே இருந்தது. அதையும் தாண்டி வடக்கே, கடற்கரையை ஒட்டி, பரந்த வெற்றிடத்தோடு இருந்தது ராயபுரம். சரக்கு வந்திறங்கும் இடத்துக்கும் வணிகருக்கும் ஒருசேர அருகில் அமைந்த இடம் அது. கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி. உயரமான தூண் வரிசை தாங்கிய முகப்பு, ஆங்கில நாட்டு மாளிகைகளை நினைவூட்டும் பாணி, உள்ளே ஆளுநருக்கும் அவர் பரிவாரத்துக்கும் தனி அறைகள் என்று ஓர் அரண்மனைக்குரிய தோரணையோடு அது எழுந்தது. ரயில் என்பதையே கண்டிராத ஊரில், ஏறும் வாசலே மரியாதையைப் பெற வேண்டும் என்று கம்பெனி கருதியிருக்க வேண்டும். இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் இதழ் இந்தக் கட்டடத்தைப் படத்தோடு வெளியிட்டது.

நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். முதல் வண்டியில் ஆளுநரும் முந்நூறு ஐரோப்பியரும் மேற்கே சென்றார்கள். அன்றே மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை போய்த் திரும்பியது. இந்த இரண்டாவது வண்டிதான் நமக்கு நெருக்கமானது. இன்றைய திருவள்ளூர் லோக்கலுக்கு மூதாதை என்று அதைச் சொல்லலாம். பெட்டிகளைச் செய்தது மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி, அந்நாளில் குதிரை வண்டி கட்டுவதில் பெயர் பெற்ற பட்டறை. அதே சிம்ப்சன் பட்டறைதான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்னும் ஓட்டல்காரரின் விமானத்தை உருவாக்கவும் உதவியது. 1910இல் தீவுத்திடலில் மக்கள் முன்னிலையில் அந்த விமானம் பறந்தது. சென்னையின் ரயிலும் விமானமும் ஒரே பட்டறையின் கைகளைக் கடந்து வந்திருக்கின்றன.

பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. 1862க்குள் தடம் மேற்குக் கடற்கரையில் பேப்பூரை எட்டியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைப்பு ஏற்பட்டது. பம்பாய், பெங்களூர், மலபார் என எங்கே போவதென்றாலும் சென்னைவாசி நம் ஊர்களைக் கடந்தே போக வேண்டியிருந்தது. ஆனால் வளர்ச்சியே ராயபுரத்தின் இறக்கத்துக்கும் காரணமாயிற்று. 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் எழுந்தது. 1908இல் தெற்கு நோக்கிய வண்டிகளுக்காக எழும்பூர் திறக்கப்பட்டது. மெட்ராஸ் ரயில்வேயின் வாரிசான மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையிடம் என்ற பெருமையும் 1922இல் சென்ட்ரலுக்குப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிற்று. முனையமாக இருந்த ராயபுரம், வழியில் வரும் ஒரு சிறு நிலையமாகச் சுருங்கிவிட்டது.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாய் போரிபந்தரிலிருந்து புறப்பட்டது. அந்த நிலையம் இன்று இல்லை. பயணிகள் பெருகப் பெருக அது போதாமல் போய், அதற்குப் பதிலாக 1880களில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹவுராவின் முதல் நிலையமும் அப்படியே மறைந்தது. இப்போதுள்ள கட்டடம் 1905இல் எழுந்தது. அந்த இரண்டு முனையங்களும் வெற்றி பெற்றன, அதனாலேயே அவற்றின் முதல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ராயபுரத்தில் கூட்டம் இல்லை. அதை இடித்துப் பெரிதாகக் கட்ட யாருக்கும் அவசியம் நேரவில்லை. புறக்கணிப்பே அதைக் காத்தது. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய ரயில் முனையமான மான்செஸ்டர் லிவர்பூல் ரோடு நிலையத்தின் கதையும் இதுவே. 1830இல் திறந்த அந்த நிலையத்தைவிட்டுப் பயணிகள் 1844இலேயே விலகிப் போனார்கள். சரக்குக் கிடங்காக நூற்றுமுப்பது ஆண்டுகள் கிடந்ததால் கட்டடம் பிழைத்தது. 1983 முதல் அது அருங்காட்சியகம்.

விமான முனையங்களுக்கும் இந்த விதி பொருந்துகிறது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக டாட்டாவின் முதல் விமானத் தபால் சென்னை வந்தது. மீனம்பாக்கம் என்றாலே விமானம் என்றிருந்த காலம் பிறகு வந்தது. 1980களில் திரிசூலத்தில் புதிய முனையங்கள் எழுந்ததும் பயணிகள் அங்கே போய்விட, மீனம்பாக்கத்துப் பழைய முனையம் சரக்கு வேலைக்கு மாறியது. சிங்கப்பூரில் 1937 ஜூன் 12இல் திறந்த காலாங் விமான நிலையம் 1955இல் மூடப்பட்டது. அதன் முனையக் கட்டடத்தை மக்கள் கழகம் 1960 முதல் அலுவலகமாக வைத்துக்கொண்டது. 2008இல் அதற்குப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற தகுதியும் கிடைத்தது. மான்செஸ்டரிலும் காலாங்கிலும் பழைய வேலை போனபின் வேறு ஏதோ ஒரு வேலை கட்டடத்துக்குக் கிடைத்தது. ராயபுரத்தின் பிரதானக் கூடங்களுக்கு அப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை. அங்கேதான் அது நலிந்தது.

சென்னையின் பழங்கட்டடங்களுக்குக் கடல் காற்றே முதல் பகை. உப்பு ஈரம் செங்கல்லுக்குள் இறங்கும். வெயில் அதை வெளியே இழுக்கும். பழைய கொத்தனார்கள் இதை அறிந்தே கிளிஞ்சல் சுண்ணாம்பில் சாந்து அரைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்தார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியேவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்; பூச்சு பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே செங்கல் மாவாகும். கூரையில் ஒரு விரிசல், அதில் ஓர் அரசங்கன்று, இரண்டு மழைக்காலம். ஒரு பெரிய கட்டடம் விழ இவ்வளவு போதும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ராயபுரம் அந்த நிலைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. மரபுக் கட்டட ஆர்வலர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். தென்னக ரயில்வே சுமார் 35 லட்சம் ரூபாயில் புதுப்பித்தது. 2005 அக்டோபர் 2ஆம் நாள், அப்போதைய ரயில்வே இணை அமைச்சர் ஆர். வேலு அதைத் திறந்துவைத்தார். அவர் அரக்கோணம் தொகுதியின் உறுப்பினர். ராயபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் தடம் கடந்து சென்ற ஊர் அது.

35 லட்சம் என்பது சிறு தொகை. அந்தத் தொகைக்கு நம் ரயில்வே ஊழியர்கள் செய்த வேலை பெரியது. விழவிருந்ததை அவர்கள் நிறுத்தினார்கள். ஆனால் பூச்சும் வண்ணமும் புதுப்பிப்பின் முதல் பாதிதான் என்பது என் கருத்து. உள்ளே ஆள் நடமாட்டம் இருந்தால்தான் ஒழுகும் இடம் அன்றே தெரியும், அடைபட்ட வடிகால் அன்றே திறக்கப்படும். பூட்டிய கட்டடத்தில் ஒழுகல் தெரியவருவது கூரை இறங்கிய பிறகு. ராயபுரத்தைச் சென்னையின் மூன்றாவது முனையமாக்க வேண்டும் என்று வட சென்னை மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். இடமிருந்தது, வரலாறு இருந்தது. வாய்ப்பு தாம்பரத்துக்குப் போனது. தெற்கே நகரம் நீண்டு வளர்ந்ததால் அந்த முடிவுக்கு ஒரு நியாயம் உண்டு. வட சென்னையும் மேற்குப் புறநகரும் அதனால் இழந்தது கொஞ்சமல்ல. ராயபுரத்தில் இன்று மின் எஞ்சின் பணிமனை இயங்குகிறது. விரைவு வண்டிகளை இழுக்கும் எஞ்சின்கள் பராமரிக்கப்படும் ஊரிலிருந்து அந்த வண்டிகள் புறப்படுவதில்லை.

மேற்குப் புறநகர்க்காரர்கள் இதில் ஏன் அக்கறை கொள்ள வேண்டும்? இந்தத் தடம்தான் நம் ஊர்களை உருவாக்கியது. ராயபுரம் திறந்த அதே 1856இல் பெரம்பூர் ரயில்வே பட்டறை தொடங்கியது. 1955இல், அதுவும் அக்டோபர் 2ஆம் நாளில், நேரு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது. டி.ஐ. சைக்கிள், டன்லப், ஆவடி டாங்க் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று ஒவ்வொன்றும் தண்டவாளத்தைப் பார்த்தே இங்கு வந்தன. ஷிப்ட் முடிந்து சோற்றுத்தூக்குடன் லோக்கலுக்கு ஓடிய ஒரு தலைமுறையின் உழைப்பு இதன் மேல்தான் ஏறி இறங்கியது. 1855இல் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பட்டறைத் தொழிலாளர்கள் மீட்டு எடுத்தார்கள். 2010 சுதந்திர தினத்தன்று அது சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு, அம்பத்தூர் வழியாக ஓடியது. 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஓடத் தொடங்கியதும் இதே தடத்தில். அந்த ரயிலும் ஐ.சி.எஃப்.இன் தயாரிப்பே. நூற்றுஐம்பது வயது எஞ்சினை ஓட வைக்கும் கைகள் நம்மிடம் இருக்கும்போது, நூற்றுஎழுபது வயதை நெருங்கும் கட்டடத்தை வாழவைக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பிரதானக் கூடத்தில் மெட்ராஸ் ரயில்வேயின் வரலாற்றைச் சொல்லும் நிரந்தரக் காட்சி ஒன்று அமையட்டும். பெரம்பூர், அம்பத்தூர், ஆவடித் தொழிலாளர்களின் கதையும் அதில் இடம்பெறட்டும். பூச்சு வேலை நடக்கும்போதெல்லாம் ரயில்வே சுண்ணாம்பறிந்த கொத்தனார்களை அழைக்கட்டும். ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஒரு சிறப்பு வண்டி, வழியில் அம்பத்தூரில் நின்று செல்லும்படி ஓடட்டும். ஆவடிக்கும் பீச்சுக்கும் இடையே ஓடும் லோக்கல்களின் எண்ணிக்கை கூடட்டும். கட்டடத்துக்கு ஆள் நடமாட்டத்தைவிடச் சிறந்த காவல் இல்லை. இம்மலரை வாசிக்கும் நீங்கள் அடுத்த முறை பீச் வண்டியில் போனால் ராயபுரத்தில் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ரயில்வேக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள்.