சுள்வாடிச் சோறு

கர்நாடகத்தில் ஹனூர் அருகிலுள்ள சுள்வாடி மாரம்மன் கோயிலில் 2018 டிசம்பர் 14 அன்று கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பிரசாதச் சோற்றில் ஏதோ நெடி அடித்தது. ஆனாலும் அம்மன் பிரசாதத்தை யார் கீழே வைப்பார்கள்?

சற்று நேரத்தில் வாந்தி, வாயில் நுரை, மூச்சுத்திணறல். கொள்ளேகாலில் முதலுதவி, பிறகு மைசூரு மருத்துவமனைகள். 17 பேர் இறந்தார்கள். சோற்றில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி என்றது தடய அறிவியல் ஆய்வு. வேண்டுமென்றே கலந்ததாக வழக்கு.

ஜெர்மனியில் 1930களில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிகளைக் கொல்ல ஆராய்ந்த ஆர்கனோபாஸ்பரஸ் குடும்பத்து நஞ்சு அது. நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியை முடக்கிவிடும். நுரையீரல் நீரால் நிறையும். முறிமருந்தான அட்ரோபினை உடனே, போதிய அளவில் ஏற்ற வேண்டும். நஞ்சு பட்ட துணியைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

1958இல் கேரளத்தில் இதே குடும்பத்துப் பாரத்தியான் கலந்த கோதுமை மாவு நூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதன் விளைவே 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டம். பூச்சிக்கொல்லி டப்பாவில் எச்சரிக்கையாகச் சிவப்பு முக்கோணம் வந்ததும் அதன் வழியில்தான். 2013இல் பீகார் பள்ளியொன்றின் மதிய உணவில் 23 குழந்தைகளைப் பறித்ததும் இதே மோனோகுரோட்டோபாஸ். சுள்வாடிக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு.