தீமிதிப்பும் உள்ளங்காலும்: கார்லோ பொன்சேகாவின் ஆய்வை முன்வைத்து

உருத்திரபுரம் இரணைமடுக் குளத்தை நம்பிய ஊர். காலபோகத்தை மழையும் சிறுபோகத்தைக் குளத்தின் நீர்மட்டமும் தீர்மானிக்கின்றன. விளைச்சல் உழைப்பவனின் கைக்குள் அடங்காத இத்தகைய உற்பத்திச் சூழலிலேதான் நேர்த்திக்கடன் வேரூன்றுகின்றது. காவடி, தீமிதிப்பு ஆகியவற்றை 'மூடநம்பிக்கை' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவோர் இவ்வடிப்படையை நோக்குவதில்லை. ஈழத்துப் பகுத்தறிவு இயக்கத்தை மதிப்பிடுவதற்கு இது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வியக்கம் என்றதும் நினைவுக்கு வருபவர் ஏப்ரகாம் கோவூர் (1898-1978). கேரளத்தில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்த அவர், அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். அறைகூவலுக்குப் பரபரப்பு உண்டு; ஆனால் அது பெரும்பாலும் சாமியாரை நோக்கியது, பக்தனை நோக்கியதன்று.

கொழும்பு மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் கற்பித்த கார்லோ பொன்சேகா (1933-2019) அளந்து பார்த்தார். தீமிதிப்புப் பற்றிய அவரது ஆய்வு 1971இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. தணலின் வெப்பம், பாதம் அதில் படியும் கணப்பொழுது, உள்ளங்காற் தோலின் தடிப்பு ஆகியனவே காலைக் காப்பன என்பது அதன் முடிவு. விரதமோ பக்தியோ அதற்கு வேண்டியதில்லை. செருப்பணிந்து மென்மையான பாதம் உடையவருக்குத் தீ சுடும். வெறுங்காலுடன் நடந்து பழகியவர் தப்பிவிடுகின்றார்.

இம்முடிவின் சமூகப் பொருளை ஆய்வாளர் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. வரம்பிலும் வயலிலும் வெறுங்காலோடு உழைத்துக் காய்த்த பாதமே தணலைத் தாங்குகின்றது. அப்பாதத்தைக் கொடுத்தது உழைப்பு. புகழ் போய்ச் சேர்வதோ தெய்வத்துக்கு. உழைப்பின் பயன் உழைத்தவனிடமிருந்து அந்நியமாவதற்கு இதனிலும் கண்கூடான உதாரணம் கிடைப்பது அரிது. பொன்சேகா லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். இவ்வழியே மேலும் ஓரடி வைத்திருக்கலாம். எனினும் கால் ஏன் சுடவில்லை என்பதே ஆய்வின் வினா. அக்கால் ஏன் தணலில் இறங்கிற்று என்பதன்று.

ஆய்வு ஆங்கிலத்தில் இருந்தமை ஒரு தடை. அதனிலும் பெரிய தடை அரசியல் சார்ந்தது. 1956இல் இரு மொழிகளுக்கும் சம உரிமை கோரி நின்ற அதே கட்சி, 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்புக்குப் பொறுப்பேற்றது. அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் உருவான அவ்வமைப்பு சிங்களத்தை அரச கரும மொழியாக உறுதிசெய்து, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கிற்று. தீயின் அற்புதத்தை ஐயுறுமாறு சொன்ன தெற்கின் இடதுசாரி அறிவாளியை, அதன் பின்னர் வன்னி உழவன் எந்த நம்பிக்கையோடு செவிமடுத்திருப்பான்?