பின்சந்துக் கதவு

திருவல்லிக்கேணியில் ஒட்டு வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுப் படம் விழும். அப்பேர்ப்பட்ட வீட்டில் போன வருஷம் நான் குளியலறையை இடித்துக் கட்டத் துணிந்தேன். ஆடம்பரம் ஒன்றும் இல்லை. முழங்கால் மடக்க முடியாத வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ரயில் வண்டி மாதிரி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையலறை, கிணற்றடி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். கடைசிப் பெட்டி கொல்லைப்புறம். கக்கூஸ் அங்கேதான். மாடியில் ஓர் அறையை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டேன். மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"வேண்டாங்கய்யா. இது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டை மேலே செங்கல்லைக் குத்துக்கட்டா அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருக்காங்க. தண்ணி இறங்கிச்சுன்னா கட்டை உளுத்துப்போயிடும். பழைய இடத்திலேயே கட்டிக்குங்க."

பழைய சுவரை இடித்தபோது தரையோடு தரையாக ஒரு சதுரம் தெரிந்தது. ஒன்றரை அடி இருக்கும். செங்கல் வைத்து அடைத்திருந்தது. ஓரத்தில் துருப்பிடித்த கீல் ஒன்று. "இது என்னங்கய்யா, பூனை போறதுக்கா?" என்று கேட்டான் சித்தாள் பையன்.

அவனுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். அது எடுப்புக் கக்கூஸின் கதவு. உள்ளே மேடை, அதன் கீழே வாளி. விடியற்காலையில் ஒரு ஸ்திரீ பின்சந்து வழியாக வந்து, அந்தக் கதவைத் திறந்து, எடுத்துக்கொண்டு போவாள். தீபாவளிக்குப் புடவை கொடுப்பாள் பாட்டி, அதுவும் பின்சந்திலேதான். பல வருஷம் வந்தவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கக்கூஸ் என்ற வார்த்தையே நம்முடையதல்ல. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் விட்டுப் போனது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமை லண்டனில் இருந்த ஒரு கடிகாரக்காரருக்கு உண்டு. அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் குழாயை வளைத்து அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்து உரிமை பதிந்துகொண்டார். அந்தத் தண்ணீர்தான் தாழ்ப்பாள். அதைத் தாண்டி துர்நாற்றம் மேலே வராது. இன்று படுக்கையறையை ஒட்டிக் குளியலறை வைத்துக்கொள்கிறோம் என்றால் அந்த வளைவுதான் காரணம்.

ஆனால் தாழ்ப்பாளுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் போக வழியும் வேண்டும். செங்குன்றம் ஏரித் தண்ணீர் பட்டணத்துக்கு வந்தது 1872-இல். கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் ஏற்பட்டது 1914-இல். பாதாளச் சாக்கடைக்கு 1910-இல் திட்டம் போட்டவர்கள், 1961-இல் பட்டணத்தில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1961 வந்தது. ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது!

1960 வாக்கில் எங்கள் வீட்டிலும் குழாய் போட்டார்கள். சாக்கடை வாசல் தெருவில் இருந்ததால், ஸ்டோன்வேர் குழாய் கூடத்துக்கு அடியில் ஓடியது.

"ஸ்வாமி உள்ளுக்குப் பக்கத்திலேயா அது போறது?" என்றாள் பாட்டி.

"மூடின குழாய்தானே அம்மா!" என்றார் அப்பா.

பாட்டி சமாதானம் அடையவில்லை. கண் மூடுகிற வரையில் கூடத்தில் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். பின்சந்தில் ஒருத்தி தலையில் சுமந்து நடந்தது மட்டும் அவளுக்கு விகற்பமாகப் படவே இல்லை. எனக்கும்தான்.

எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் அதை எடுக்க ஆள் வைப்பதையும் தடுத்து 1993-இல் சட்டம் வந்தது. தக்க பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவதும் குற்றம் என்றது 2013 சட்டம். இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொல்லி, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்?

குளியலறை முடிந்தது. வெள்ளை ஓடு, பளபளக்கும் குழாய்கள். ஒரு மாசம் கழித்துத் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது. காண்டிராக்டர் ஒருவர் ஓர் ஆளை அழைத்து வந்தார். அந்த மனிதர் சட்டையைக் கழற்றி மடித்து எங்கள் திண்ணையில் வைத்தார்.

"இறங்க வேண்டாம்" என்றேன்.

"அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றார் காண்டிராக்டர்.

"மிஷின் வரட்டும். அதுவரைக்கும் நான் குழியை விட்டு நகரமாட்டேன்" என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். காப்பி சாப்பிட்டோம்.

மிஷின் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை தெருவில் ஒரு வீட்டிலும் குழாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுச் சுவர் ஆயிற்றே, எத்தனை நாளைக்குப் பேசாமல் இருப்பார்!