பர்மா ராணி (திரைப்படம்)

பர்மா ராணி 1945ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ப் போர்த் திரைப்படம் ஆகும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த இப்படத்தை அந்நிறுவனத்தின் உரிமையாளர் டி. ஆர். சுந்தரம் இயக்கினார். சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இந்நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. அதன் நுழைவு வளைவை இன்றும் காணலாம்.

பின்னணி

திரைப்படத்தைப் போர்ப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் பிரிட்டனில் மௌனப்பட காலத்திலேயே தொடங்கிவிட்டது. பிரான்சில் நடந்த சோம் போரைக் காட்டும் பிரிட்டிஷ் மௌனப்படம், அப்போர் முடிவதற்கு முன்பே 1916 ஆகஸ்டில் திரையிடப்பட்டது. உண்மையான போர்க்களக் காட்சிகளுடன் நடித்துப் படமாக்கிய சில காட்சிகளும் அதில் இருந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. கச்சா பிலிம் கிடைப்பது அரிதானதால் அதன் வினியோகம் அரசின் கட்டுப்பாட்டில் வந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை அரசு ஊக்குவித்தது. கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி' ஆகியவையும் 1945இல் வந்த இத்தகைய படங்களே.

கதையும் நடிகர்களும்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவில் வாழ்ந்த தமிழர்களில் பலர் காடு மலை கடந்து கால்நடையாகவே தாயகம் திரும்பினர். எனவே பர்மா தமிழ்நாட்டுக்கு அந்நிய மண்ணாக இருக்கவில்லை. ஜப்பானியரின் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படை வீரர்களைப் பற்றியது இப்படம். ஹொன்னப்ப பாகவதரும் கே. எல். வி. வசந்தாவும் முக்கிய வேடங்களில் நடித்தனர். ஜப்பானியத் தளபதியாக சுந்தரமே நடித்தார்.

இயக்குநரின் பாணி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற சுந்தரம், படப்பிடிப்பு நிலையத்தை ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். நேரந்தவறாமை, மாதச் சம்பளக் கலைஞர்கள், முன்கூட்டியே வகுத்த திட்டம் ஆகியவை அவருடைய வழிமுறைகள். புராணக் கதையானாலும் போர்க்கதையானாலும் விறுவிறுப்பான சம்பவங்களுக்கே அவர் முதலிடம் கொடுத்தார்.

வரலாற்றில் இடம்

1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான விசாரணை தொடங்கியது. ஜப்பானியருடன் சேர்ந்து போரிட்ட அந்த ராணுவத்தில் மலேயாத் தமிழர்கள் பலர் இருந்தனர். நாடு அவர்களை வீரர்களாகப் போற்றியது. ஜப்பானியரைப் பகைவராகவும் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்ட இந்தியரை வீரராகவும் காட்டிய ஒரு படம், வெளிவந்த ஆண்டிலேயே மக்கள் மனநிலையிலிருந்து விலகிப்போயிற்று. ஒரே போரில் இருபுறமும் தமிழர் நின்றனர். திரையில் காட்டப்பட்டது ஒருபுறம் மட்டுமே. கச்சா பிலிம் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இக்காலப் போர்ப் படங்களைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.