ஆலம்பரைக் கோட்டை

மந்திர் மார்க்கில் பிர்லா மந்திருக்குப் பின்னே எழும் கற்குன்றுத் தொடரில் வடக்கே நடந்தால், துக்ளக் காலத்து வேட்டை மாளிகையொன்று பாழாய் நிற்கக் காணலாம். டில்லிவாழ் தமிழன்பர் பலர் அதைக் கண்டிருப்பர். நம் கடற்கரையிலும் டில்லியின் கதையோடு பிணைந்த பாழொன்று உண்டு. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அதனையும் காணுங்கள்.

சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் கடப்பாக்கம். அங்கிருந்து கடலை நோக்கி நடந்தால் ஆலம்பரைக் கோட்டை. மேலைநாட்டுக் கடற்கோட்டைகளைப் போல் செங்குத்துப் பாறைமேல் நிற்பதன்று இது. இந்தக் கரையில் அத்தகைய பாறைக்கு எங்கே போவது? கழியும் கடலும் அணையும் மணற்பரப்பில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. இவ்வட்டாரம் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் பிறந்த நாடு. பாணனுக்கு வழிகாட்டிய புலவரின் மண்ணில் நாமும் வழி கேட்டு நடக்கிறோம்!

ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் காலத்தில், 1736க்கும் 1740க்கும் இடையே இக்கோட்டை எழுந்தது. அவ்வாண்டுகளை எண்ணிப் பாருங்கள். 1739இல் நாதிர்ஷா டில்லியைச் சூறையாடினான். நவாபுகளோ பெயரளவில் டில்லிப் பாதுஷாவின் அதிகாரிகள். தலைநகரம் தளரத் தளரத் தெற்கே அவரவர் தத்தம் மதிலை உயர்த்திக் கொண்டனர். மதில் காத்ததா? 1740இல் தோஸ்த் அலி மராட்டியருடன் பொருது மாண்டார்.

ஆலம்பரையில் நாணயச்சாலை இருந்தது. துறையில் வாணிபமும் நடந்தது. அருகிலிருந்த புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருக்கு இதன்மேல் ஆசை பிறந்ததில் வியப்பில்லை. தக்காணத்து அரியணைப் பூசலில் டூப்ளே முசாபர் ஜங்குக்குத் துணைநின்றார். அக்கைம்மாறாக 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பத்தே ஆண்டுகள். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், அவ்வாண்டிலேயே ஆலம்பரையையும் கைக்கொண்டார். பகைவர் மீண்டும் புகாதிருக்க ஆங்கிலேயர் அதனை இடித்தனர்.

பாழடைந்த மதில் என்றதும் காலத்தின் மேல் பழி போடுவது நம் வழக்கம். ஆலம்பரைக்கு அவ்வழக்குச் செல்லாது. கட்டி முடித்து இருபதாண்டே ஆன கோட்டை, மனிதர் கையால் வீழ்ந்தது. 2004இன் ஆழிப்பேரலைக் காலத்தில் நேர்ந்த சிதைவு பின்னாளில் சேர்ந்தது.

வெயில் தாழ்ந்தபின் செல்லுங்கள். மதிலின் பிளவு வழியே ஒருபுறம் கழியும் மறுபுறம் கடலும் தெரியும்.